இரண்டு குளத்தூர்களுக்கு நடுவே

திருவனந்தபுரம் மாவட்டத்தில் குளத்தூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு.

ஒன்று வடக்கே, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில். இன்ஃபோசிஸ் வளாகமும் டெக்னோபார்க்கின் மூன்றாம் கட்டமும் அந்த ஊரை ஒட்டித்தான் நிற்கின்றன. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆக்குளத்தில், ‘நிஷ்’ இருக்கிறது. காது கேளாத, பேச்சு வராத குழந்தைகளுக்காக 1997-இல் தொடங்கப்பட்டு, இன்று ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுகளுக்கும் பரிசோதனையும் பயிற்சியும் தருகிற தேசிய நிறுவனம். மென்பொருள் எழுதுகிறவர்களும் குழந்தைகளின் பேச்சை ஆராய்கிறவர்களும் ஒரே பேருந்தில் ஏறி இறங்குகிற வட்டாரம் அது.

இன்னொரு குளத்தூர் தெற்கே, நெய்யாற்றின்கரை தாலுகாவின் கோடியில். உச்சக்கடையும், கால்பந்துக்குப் பேர்போன பொழியூரும் இந்த ஊராட்சிக்குள்தான் வருகின்றன. பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. நிலத்தில் கோடு விழுந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் கோட்டைக் கேட்டு நடக்கவில்லை. இன்றைக்கும் இங்கே பல வீடுகளில் அடுக்களையில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், பாட்டி வீட்டுக்குப் போனால் குமரித் தமிழ், செல்போனைத் திறந்தால் வேறு ஏதோ ஒரு மொழி.

இரண்டு குளத்தூர்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆட்டிசமோ கவனச் சிதறலோ பேச்சுத் தாமதமோ உள்ள குழந்தைக்குச் செயற்கை நுண்ணறிவு என்ன செய்யும் என்ற கேள்வியை நான் இந்தத் தூரத்தை வைத்துத்தான் அளக்க விரும்புகிறேன். வடக்கே பிறக்கிற நுட்பம் தெற்கே இருக்கும் குழந்தையின் வாசல்வரை வருமா? வந்தால், அந்தக் குழந்தை பேசுகிற பேச்சு அதற்குப் புரியுமா?

விளித்தால் திரும்பாத பிள்ளை

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது.

முதலில் தாய்க்குத்தான் தெரியும். இரண்டு வயதாகியும் பிள்ளை விரலை நீட்டி எதையும் காட்டவில்லை. மின்விசிறியை மணிக்கணக்காகப் பார்க்கிறான். “விளிச்சா திரும்பமாட்டங்கான்” என்று மாமியாரிடம் சொல்கிறாள். “அவனுக்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பயப்படாத மக்ளே” என்று பதில் வரும். அன்பில் சொல்லப்படுகிற அந்தப் பதிலிலேயே பல மாதங்கள் கரைந்துவிடும். பிறகு காதைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். காது நன்றாகத்தான் இருக்கும். பிறகு நெய்யாற்றின்கரை மருத்துவமனை. அங்கிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். சொந்தக்காரர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் பேருந்து. சத்தம் தாங்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்க, போய் வர ஒரு முழு நாள். அன்றைய கூலி போயிற்று. ‘அசெஸ்மென்ட்’ முடிந்து ‘ரிப்போர்ட்’ கைக்கு வந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் ‘ஸ்பீச்’, இரண்டு நாள் ‘ஓ.டி.’ (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) என்பார்கள். வாரத்துக்கு நான்கு நாள் இந்தப் பயணத்தை எந்தத் தாய் செய்ய முடியும்? மூன்றாவது மாதம் அவள் நின்றுவிடுவாள். ஏட்டில் அது ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவாகும்.

இப்படிப்பட்ட குழந்தைகள் அபூர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. பல்வல், காங்க்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான இன்க்ளென் ஆய்வு, 2 முதல் 6 வயதுக்கு உட்பட்டவர்களில் 9.2 சதவீதம் பேருக்கும், 6 முதல் 9 வயதுள்ளவர்களில் 13.6 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. பார்வை, செவித்திறன் குறைவு, வலிப்பு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. முப்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு பேர்.

ஒரு பென்சிலும் பதினேழு கோடுகளும்

செயற்கை நுண்ணறிவுக்குப் போவதற்கு முன் ஒரு பென்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பென்சில் திருவனந்தபுரத்துக்காரர்கள் உலகுக்குக் கொடுத்தது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தைத் தொடங்கி வழிநடத்திய டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991-இல் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். ‘திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணை’ என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி டி.டி.எஸ்.சி. என்பார்கள். ஒரே ஒரு தாள். கீழே பிறந்ததிலிருந்து 24 மாதங்கள் வரை எண்கள். மேலே பதினேழு பட்டைக் கோடுகள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, கை தட்டுவது, தனியாக நடப்பது, இரண்டு சொல் சொல்வது, பொம்மையின் கண்ணையும் மூக்கையும் தொட்டுக் காட்டுவது என்று ஒவ்வொரு கோடும் ஒரு திறன். பிள்ளையின் வயதில் பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன கோடுகளில் பிள்ளைக்கு வராதது ஏதாவது இருந்தால், மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து, ஏழு நிமிடங்களில் முடிந்துவிடும். மருத்துவர் தேவையில்லை, அங்கன்வாடி டீச்சர் போதும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று கோடிக்கணக்கில் முதலீடு போட்டுச் செய்யப்படும் செயலிகள் எதைச் செய்யப் பார்க்கின்றனவோ, அதன் சாரம் அந்தத் தாளில் இருக்கிறது: நிபுணரின் கண்ணில் இருக்கும் அறிவைப் பிரித்தெடுத்து, நிபுணர் இல்லாத இடத்தில் இருப்பவரின் கையில் கொடுப்பது. அந்தத் தாளால் முடியாத சிலவற்றைப் புதிய கருவிகளால் பார்க்க முடிகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டாசனும் கில்லெர்மோ சபிரோவும் உருவாக்கிய செயலி ஒன்று, பிள்ளைக்குச் சில நிமிடங்கள் படம் காட்டுகிறது. படத்தின் ஒரு பக்கம் ஒரு மனிதர் சிரிக்கிறார், மறு பக்கம் ஒரு பொம்மை சுழல்கிறது. பிள்ளையின் கண் எந்தப் பக்கம் போகிறது, பெயரைச் சொல்லி அழைத்தால் தலை எத்தனை விநாடியில் திரும்புகிறது, முகம் எப்படி அசைகிறது, திரையில் குமிழைத் தொட்டு உடைக்கும்போது விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதையெல்லாம் டேப்லெட்டின் கேமராவும் தொடுதிரையும் அளக்கின்றன. 17 முதல் 36 மாத வயதுள்ள 475 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2023-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 87.8 சதவீதம் பேரை அது சரியாகச் சுட்டியது; ஆட்டிசம் இல்லாதவர்களில் 80.8 சதவீதம் பேரை ‘இல்லை’ என்று சரியாக ஒதுக்கியது.

படிக்கும்போது பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலோரத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுகிறோம். அவர்களில் இருபது பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதில் பதினேழு, பதினெட்டுப் பேரைச் செயலி பிடித்துவிடும். மீதி 980 பேரில் ஏறக்குறைய 188 பேருக்கும் ‘சந்தேகம்’ என்று சிவப்பு விளக்குப் போடும். ஆக, சிவப்பு விளக்கு எரிந்த இருநூறு வீடுகளில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு வீட்டுக்குத்தான் அது உண்மையான செய்தி. மற்ற வீடுகளில் சிலவற்றில் வேறு தாமதம் இருக்கலாம். பல வீடுகளில் எதுவுமே இருக்காது, பயம் மட்டும் வந்து குடியேறும். அந்த இருநூறு பேரையும் உட்கார வைத்துப் பேச, மறுபடி பார்க்க, தெற்குக் குளத்தூரில் யார் இருக்கிறார்கள்? செயலியை வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

நம் மண்ணிலேயே நடந்த முயற்சி ஒன்றும் உண்டு. டெல்லியில் ‘ஸ்டார்ட்’ என்ற டேப்லெட் செயலியை வைத்து, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் எளிய குடும்பங்களின் வீடுகளுக்கே போனார்கள். 2 முதல் 7 வயதுக் குழந்தைகள் 131 பேர்: 48 பேருக்கு ஆட்டிசம், 43 பேருக்கு அறிவுசார் குறைபாடு, 40 பேர் வழக்கமான வளர்ச்சி உள்ளவர்கள். குமிழ் உடைப்பது, வண்ணம் தீட்டுவது, படம் பார்ப்பது, பெற்றோரிடம் சில கேள்விகள். வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறதா என்பதை 86 சதவீதம் சரியாகச் சொன்ன அந்தக் கணிப்பு முறை, அது ஆட்டிசம்தானா என்று பிரிக்கும்போது 78 சதவீதத்துக்கு இறங்கியது. ‘ஏதோ இருக்கிறது’ என்று சொல்ல இயந்திரத்துக்கு வருகிறது. ‘என்ன இருக்கிறது’ என்பதில் தடுமாறுகிறது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஊர்ப்புறத்துக்கு முதலில் தேவைப்படுவது அந்த ‘ஏதோ’தான். பெயர் வைக்கிற வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூனில் அனுமதித்த ‘கான்வாஸ் டிஎக்ஸ்’ இன்னொரு பாடம். பெற்றோரின் பதில்கள், வீட்டில் எடுத்த வீடியோ, மருத்துவரின் குறிப்புகள் மூன்றையும் சேர்த்து, ஆட்டிசம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்கிற மென்பொருள் அது. 425 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 32 சதவீதம் பேருக்குத்தான் அது முடிவு சொன்னது. மீதி 68 சதவீதம் பேருக்கு ‘என்னால் தீர்மானிக்க முடியவில்லை’ என்றது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதைத் தலைசிறந்த குணமாகப் பார்க்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மருத்துவரைத்தான் நாம் நம்புகிறோம். செயலிக்கும் அதே அளவுகோல்தான். எந்தப் பிள்ளையைக் காட்டினாலும் தயங்காமல் ஒரு முடிவைத் துப்புகிற செயலியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

‘வெள்ளம்’ என்றால் என்ன?

இந்த ஊர்ப் பிள்ளை ‘வெள்ளம்’ என்கிறான். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். அங்கன்வாடி டீச்சரும் அப்படியே. சென்னைத் தமிழில் பழக்கப்பட்ட மென்பொருள் ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று எடுத்துக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம். மரச்சீனிக் கிழங்கு படத்தைத் தொட்டால் செயலி ‘மரவள்ளிக்கிழங்கு’ என்று சொல்லும். அந்தச் சொல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. ‘என்னுடைய’ என்பதற்கு இங்கே ‘எனக்க’. ‘இங்கே’ என்பதற்கு ‘இஞ்ச’. ‘கூப்பிடு’ என்பதற்கு ‘விளி’. பேச்சே அரிதாக வருகிற ஒரு பிள்ளை, மாதங்கள் கழித்து முதன்முதலாக உதிர்க்கிற ஒற்றைச் சொல்லை இயந்திரம் ‘தவறு’ என்று திருத்தினால், அந்தச் சொல் திரும்பி வராமலே போகலாம்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்களின் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கின்றன. குழந்தையின் குரல் சுருதி அதிகம்; தொண்டைக் குழாயின் நீளமே வேறு. மழலை வேறு, திக்கலும் குழறலும் சேர்ந்தால் இன்னும் கடினம். அதற்கு மேல் இரண்டு மொழி கலந்த எல்லைப் பேச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘ஏ.ஐ.4பாரத்’ மையமும், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘பாஷிணி’யும் இந்திய மொழிகளுக்குக் குரல் நுட்பத்தைக் கொண்டுவர உழைக்கின்றன, அந்த உழைப்பு பெரிது. ஆனால் பொழியூர்க் கடப்புறத்து நான்கு வயதுப் பிள்ளை அதில் ஒலிக்க வேண்டுமானால், யாராவது இங்கே வந்து, பெற்றோரின் சம்மதத்தோடு, பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். தானாக நடக்காது.

இரட்டை மொழியைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் இங்கே உரக்கச் சொல்ல வேண்டும். “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், தமிழை விட்டுவிட்டு மலையாளம் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை குழம்பிவிடும்” என்று எத்தனையோ பெற்றோரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் தாமதமாகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆனால் தாய் தனக்குச் சரளமில்லாத மொழியில் கொஞ்ச முயன்றால், கொஞ்சலே குறைந்துவிடும். தாலாட்டு நின்றுபோகும். ஏற்கெனவே பேச்சுக்கு ஏங்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. சோதனைக்கு வரும் கருவியும் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். தமிழில் பத்துச் சொல்லும் மலையாளத்தில் பத்துச் சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு இருபது சொல் தெரியும். மலையாளத்தில் மட்டும் கேட்டுவிட்டு ‘பத்துதான்’ என்று எழுதும் செயலி, இல்லாத குறையை உண்டாக்குகிறது.

வாயால் பேச வராத பிள்ளைக்குப் படங்களைத் தொட்டுப் பேச வைக்கும் செயலிகளில் நம்மவர் கண்டுபிடிப்பு ஒன்று முன்வரிசையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், சென்னையின் ‘வித்யா சாகர்’ பள்ளிக் குழந்தைகளோடு சேர்ந்து உருவாக்கியதுதான் ‘ஆவாஸ்’. வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை சொன்ன காலத்தில், மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்க அது வந்தது. 2010-இல் தேசிய விருதும் பெற்றது. அந்தக் குழந்தைகளின் பள்ளியிலேயே உட்கார்ந்து செய்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் எண்ணம். இந்தக் கருவிகளைக் கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகிப் பேசாமலே போய்விடுவான் என்று பயப்படும் பெற்றோர் நிறைய. 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் நம்பத்தகுந்த ஆய்வுகளில் சைகை, படம் போன்ற மாற்று வழிகளைப் பயன்படுத்திய ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியிருந்தது. கேட்டது கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் கேட்கத் தோன்றும்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு இந்த இடத்தில் பெரிய உதவி செய்ய முடியும். பாட்டியின் குரலை, அப்பாவின் குரலை, இந்த ஊர்ச் சொற்களோடு செயலிக்குள் வைக்கலாம். மரச்சீனி, சக்கை, சாயா, கட்டுமரம், களியக்காவிளைச் சந்தை என்று அந்த வீட்டின் படங்களையே பலகையாக்கலாம். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒரு வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிற வேலை அரை மணியில் முடியும். மிச்சமான நேரத்தை அவர் பிள்ளையோடு செலவிடட்டும்.

தாயின் பக்கத்தில்

வாரத்துக்கு நான்கு நாள் நகரத்துக்குப் போக முடியாத தாய்க்கு, வீட்டிலேயே பயிற்சி வர வேண்டும். அது முடியும் என்று காட்டிய ஆய்வு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத பணியாளர்கள் பன்னிரண்டு அமர்வுகளில் பயிற்சி கொடுத்தார்கள். ‘பாஸ்’ என்று அதற்குப் பெயர். முடிவுகள் 2016-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியாயின. முறை எளிமையானது. தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு தாயும் பணியாளரும் சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை கார் பொம்மையைத் தூக்கியதும் தாய் ‘கார்’ என்று சொன்னாளே, அப்போது பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தானே, அந்தக் கணத்தில் வீடியோவை நிறுத்துவார்கள். ‘பாருங்கள், நீங்கள் செய்தது பலித்திருக்கிறது.’ குறை சொல்வதில்லை. பலித்த கணங்களைக் காட்டிக் காட்டி, அவற்றை அதிகமாக்குவது. பயிற்சிக்குப் பிறகு பெற்றோர் பிள்ளையின் கவனத்தோடு ஒத்துப்போவதும், பிள்ளை தானாகப் பெற்றோரோடு தொடர்புகொள்ளத் தொடங்குவதும் கூடின.

பத்து நிமிட வீடியோவில் அந்த இரண்டு விநாடியைத் தேடிப் பிடிப்பது சலிப்பான வேலை. அதைத்தான் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். அது கணங்களைப் பொறுக்கித் தரட்டும்; காட்டிப் பேசுகிறவர் ஒரு மனிதராக, அந்த ஊர்க்காரராக, முடிந்தால் இதே பாதையில் நடந்து வந்த இன்னொரு தாயாக இருக்கட்டும். கேரளத்தில் அதற்கு ஆள்பலம் இருக்கிறது. குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான முதல் ‘பட்ஸ்’ பள்ளி 2004-இல் விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில்தான் தொடங்கியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ மையங்களைத் திறந்து வருகிறது. இரண்டு அரசுகளின் பணியாளர்களும் ஒரே பேச்சு பேசுகிற பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். இந்த எல்லையோரத்திலாவது அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

செல்போனில் கேட்டால் பதில் சொல்லும் உரையாடல் செயலிகளையும் தாய்மார்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்கு முடிவெட்டப் போகிறோம் என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க நான்கு வரிக் கதை ஒன்று கேட்டால் எழுதித் தருகிறது. ஆங்கிலத்தில் வந்த ரிப்போர்ட்டை எளிய தமிழில் சொல்கிறது. நல்ல உபயோகம். ஆனால் அதே செயலி, மருந்தும் பத்தியமும் கேட்டால், தப்பையும் அதே தன்மையான குரலில் சொல்லக்கூடும். குணமாக்குகிறேன் என்று விலை பேசுகிற சந்தை ஏற்கெனவே பெரிது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லியிருந்தும், நிலத்தை அடமானம் வைத்து அதைச் செய்ய நினைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. செயலியிடம் கதை கேளுங்கள், விளையாட்டு கேளுங்கள். மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ரொம்பச் சின்னப் பிள்ளையிடம் பயிற்சி என்ற பெயரில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு நகர்வதும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே கூடாது, 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. பேசுவதற்கான படப் பலகையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பிள்ளையின் நாக்கு.

பிள்ளையின் முகம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கருவிகள் எல்லாம் சாப்பிட்டு வளர்வது வீடியோவை. பிள்ளை அழும் வீடியோ, தலையை முட்டிக்கொள்ளும் வீடியோ, தாய் பொறுமை இழக்கும் வீடியோ. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ‘சம்மதம்’ என்பது ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்துக்குக் கீழே இருக்கும் ஒரு கட்டத்தைத் தொடுவது என்று ஆகிவிட்டால் இந்தச் சட்டத்தால் பயன் இல்லை. குளத்தூரில் அது தமிழிலும் மலையாளத்திலும், வாயால் படித்துச் சொல்லி, ‘வேண்டாம்’ என்றாலும் சிகிச்சை நிற்காது என்ற உறுதியோடு வாங்கப்பட வேண்டும்.

முகத்தைப் பார்த்து மனநிலையைச் சொல்கிறேன் என்று வகுப்பறைக்குள் வரும் கேமராக்களை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் அதைத் தடை செய்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மகிழ்ச்சி பல நேரம் முகத்தில் இருக்காது. கையை உதறுவதில் இருக்கும், வட்டமடித்து ஓடுவதில் இருக்கும். சிரிக்காத முகத்தை ‘மகிழ்ச்சியில்லை’ என்று எழுதும் இயந்திரத்துக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று மற்றவர்களைப் போல நடிக்கப் பழக்கும் கருவிகளிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று அரசுத் தமிழில் பெயர் வைத்தார்கள். வெளியுலகம் அளவுக்கு மிஞ்சி உள்ளே பாய்வதால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் வைக்க முடியாது. பெயரிலேயே தப்பு செய்த நாம், அந்தத் தப்பை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

வடக்குக் குளத்தூர்க்காரர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த செயலியை எழுதுவதற்கு முன் ஒரு மாதம் தெற்கே வாருங்கள். உச்சக்கடையில் ஓர் அங்கன்வாடியில் உட்காருங்கள். டி.டி.எஸ்.சி. தாளையும் பென்சிலையும் டீச்சர் எப்படிப் பயன்படுத்துகிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். பென்சில் நின்ற இடத்திலிருந்து உங்கள் வேலை தொடங்கட்டும். இணையம் விட்டு விட்டு வரும் இடத்திலும், விலை குறைந்த செல்போனிலும் ஓட வேண்டும். ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு தெரியாதபோது தெரியாது என்று சொல்ல வேண்டும். சந்தேகம் என்று சொன்ன ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற தேதியும் பெயரும் திரையில் வர வேண்டும். அந்தத் தேதியைத் தர முடியாவிட்டால் அந்தச் சந்தேகத்தையும் தராதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றிருக்கிறது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் அதில் சேரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை கோட்டுக்கு இரண்டு பக்கமும் செல்லும். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரவேண்டிய ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகள் நலப் பரிசோதனை) குழு வந்ததா என்று கேளுங்கள். இதில் எதற்கும் செயலி தேவையில்லை.

உங்கள் பிள்ளை விளித்தால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? மூணு வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடி டீச்சரிடம் போங்கள். அந்தத் தாளையும் பென்சிலையும் எடுக்கச் சொல்லுங்கள்.